கை தூக்கிய பிறகு

அக்டோபர் 4, சனி

தாஷ்கண்ட் வந்து சேர்ந்தோம். என் பெட்டி மட்டும் வரவில்லை. கணினி கைப்பையில் இருந்ததால் வேலைக்குப் பாதிப்பில்லை, மாற்றுத் துணிக்குத்தான். அணி மேலாளர் தேஷ்பாண்டே தன் டி-ஷர்ட் ஒன்றைக் கொடுத்தார். அவர் உடம்பில் என்னைப் போல் இரண்டு பேரை வைக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சிரித்துத் தொலைக்க வேண்டியதுதானே. நானும் அவர்களைக் கணக்கெடுக்கத்தான் வந்திருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

நாளை முதல் போட்டி. அதற்குமுன் சில விஷயங்களை எழுதி வைக்கிறேன், பிற்பாடு நான் சொன்னதாக யாரும் எதையாவது சொல்லாமல் இருக்க.

நான் குணாளன். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஹேண்ட்பால் ஆடியதில்லை. ஆனால் நான்கு வருடமாக அதைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தலைப்பு: ஜூனியர் தேசிய ஹேண்ட்பால் அணிகளின் தாக்குதல் திறன், ஓர் ஒப்பீடு. உலகத்து ஜூனியர் அணிகளின் ஆட்டங்களை வீடியோவில் பார்த்து, பந்து கிடைக்கும் ஒவ்வொரு முறையையும் ஒரு தாக்குதல் என்று எண்ணி, நூறு தாக்குதலுக்கு எத்தனை கோல் விழுகிறது என்று கணக்கிடுவது. டிசம்பரில் சமர்ப்பிக்க வேண்டும். "மத்தவங்க விளையாடறதை எண்ணறதுக்கு ஒரு டாக்டர் பட்டமாங்க?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டாள்.

இந்திய ஜூனியர் பெண்கள் அணிக்குப் புள்ளிவிவரம் எடுக்க என்னை அழைத்திருக்கிறார்கள். ஐந்து நாடுகள், ஒவ்வொன்றும் மற்ற நான்கோடு மோதும். போட்டி முடிந்ததும் அடுத்த வருட முகாமுக்கு ஆள் தேர்வு. பின்வரிசையிலிருந்து எறிகிற பெண்களில் ஒருத்தியைக் கழிக்கப் போகிறார்கள். யாரை என்பதற்கு என் பட்டியல்தான் ஆதாரம் என்று தேஷ்பாண்டே சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பங்களாதேஷை வென்றோம்.

என் முறையை இன்று தேஷ்பாண்டேவுக்கு விளக்கினேன். தாக்குதல் எந்தப் பெண்ணின் எறிதலில் முடிகிறதோ அவள் கணக்கில் அது சேரும். கோல் என்றால் லாபம், தவறினால் நஷ்டம். சில சமயம் எறிதலே இருக்காது. கோல் அடிக்கும் எண்ணமில்லாமல் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்தால் நடுவர் ஒரு கையைத் தூக்குவார். அதற்குப் பிறகு நான்கு பாஸுக்குள் எறிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் விசில், பந்து எதிரணிக்கு. அப்படிப் போன பந்தை யார் கணக்கில் வைப்பது? யார் கணக்கிலும் வைக்காமல் 'அணியின் பிழை' என்று ஒரு தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். ஆய்வில் மிகச் சிறந்த பகுதி அந்தக் கட்டம்தான் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருக்கிறார்.

தேஷ்பாண்டே "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆட்டம் நடக்கும்போதும் அவர் ஃபோனில்தான் இருந்தார்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஓய்வு நாள். முதல் போட்டியையும், கிளம்புமுன் நடந்த பயிற்சி ஆட்டங்களையும் சேர்த்துப் பட்டியல் போட்டேன். பின்வரிசையில் முதலிடம் கிரண், ஹரியானா. எறிந்தால் பெரும்பாலும் உள்ளே போகிறது. கடைசி இடம் பேச்சியம்மாள், சங்கரன்கோவில் பக்கத்தில் ஏதோ ஊர். மற்றவர்களில் பாதிகூட வரவில்லை. அந்த வரிசைக்குச் சிவப்பு அடித்தேன். பார்ப்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான்.

காலை உணவில் பேச்சியே என் மேசைக்கு வந்தாள். தட்டில் நான்கு அவித்த முட்டை.

"சார், எம்பேருக்கு நேரா என்ன போட்டிருக்கியோ?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. ரகசியம்."

"செவப்பா தெரிஞ்சுதே."

கணினியை மூடினேன். ஒரு முட்டையை என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு முட்டை ஆகாது. ஆனாலும் சாப்பிட்டேன்.

பிறகு பயிற்சியாளர் ரெஜினா மேடத்திடம் பட்டியலைக் கொடுத்தேன். திருச்சிக்காரர், இருபது வருடமாகப் பயிற்சி கொடுப்பவர். வெகுநேரம் பார்த்தார்.

"பேச்சியை உட்கார வைக்கணும்ங்கறீங்களா சார்?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க மேடம். நம்பர் சொல்லுதுங்க."

"நம்பருக்கு வாய் கிடையாது. உங்களுக்கு இருக்குல்ல?"

"முடிவு உங்களுதுதானுங்களே."

"என் முடிவுன்னா நீங்க எதுக்கு சிவப்பு அடிச்சீங்க?"

பால் விட்ட டீ இந்த ஊரில் கிடைக்காத எரிச்சல் அவருக்கு. கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இந்தப் பொண்ணை முகாம்ல இருந்து எடுத்தா சென்னையில ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் சீட்டும் போயிடும். ஹாஸ்டல் போனா காலேஜ் போயிடும். பி.காம் ரெண்டாவது வருஷம். ஊருக்குத் திரும்பிப் போய் தீப்பெட்டி ஆபீஸ்ல உட்கார வேண்டியதுதான். சும்மா சொன்னேன். உங்க கட்டத்துல அதுக்கு இடம் இருக்காது."

இல்லைதான். இருந்தால் அது புள்ளியியல் ஆகாது.

அக்டோபர் 8, புதன்

ஈரானிடம் தோற்றோம். பேச்சி முழு ஆட்டமும் பெஞ்சில்.

கணக்குப் போட்டதில் ஒரு சிறிய வினோதம். பின்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவரின் திறனும் முந்தைய போட்டியைவிட உயர்ந்திருக்கிறது. அணியின் திறனோ படுமோசமாக இறங்கியிருக்கிறது. ஒவ்வொருத்தியும் முன்னேறி, எல்லாரும் சேர்ந்து கீழே போவது எப்படி? எங்கோ கூட்டலில் தவறு.

பெட்டி வந்துவிட்டது. பூட்டை யாரோ உடைத்திருக்கிறார்கள். ஒன்றும் போகவில்லை. என் துணிகளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டிருப்பார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

கூட்டலில் தவறு இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கசகஸ்தானோடு ஆட்டம். மேலே கேமராவுக்கு மட்டும்தான் இடம் கிடைத்ததால் நான் அணியின் பெஞ்சிலேயே, கோடியில், கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பேச்சி. ஆடாதவள் மாதிரியே இல்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், என் கணினியும் சேர்ந்து ஆடியது. "ஏட்டி, ஓடுட்டி!" என்று கத்தினாள். ஹரியானா, ஹிமாச்சல் பெண்களுக்குக்கூட 'ஏட்டி' பழகிவிட்டது. களத்தில் அவர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

முதல் பாதியில் நம் ஆட்டம் தேங்கியது. நடுவர் கையைத் தூக்கினார். கிரணிடம் பந்து. அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம். அவள் திரும்பக் கிரணிடம். கிரண் "பேச்சீ!" என்று கத்திக்கொண்டே இடது பக்கம் திரும்பினாள். அங்கே பேச்சி இல்லை. பந்தைக் கையில் பிடித்தபடி எங்கள் பெஞ்சைப் பார்த்தாள். நேராக என் பக்கத்தில் இருந்தவளை. பிறகு அவசரமாக யாருக்கோ தட்டிவிட்டாள். விசில். பந்து போனது.

நான் வழக்கம்போல 'அணியின் பிழை' கட்டத்தில் ஒன்றைச் சேர்த்தேன்.

இரண்டாம் பாதியிலும் அதே. கை உயர்ந்ததும் முகங்கள் மாறிவிடுகின்றன. அதுவரை பந்து கேட்டுக் கூவிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியும் கேட்பதில்லை. கையில் வந்த பந்து சுடுகிறது போலும், வந்த வேகத்தில் அடுத்தவளுக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் நான் அதே கட்டத்தில் சேர்த்தேன். ஒருத்தி கணக்கிலும் நஷ்டமில்லை. எல்லாரும் சுத்தம்.

ஒன்பது கோல் வித்தியாசத்தில் தோற்றோம். பேச்சி தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் கடைசியாகப் போனாள். ரெஜினா மேடம் என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 11, சனி

ஓய்வு நாள். பழைய ஆட்டங்களின் வீடியோவை மறுபடி ஓட்டினேன். இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை, நடுவரின் கையைப் பார்த்தேன். பேச்சி எறிந்து தவறியதில் முக்கால்வாசிக்கும் மேல் கை உயர்ந்த பிறகு, மூன்றாவது பாஸிலோ நாலாவது பாஸிலோ, எதிரணியின் நெட்டைப் பெண்கள் மூன்று பேர் சுவர் மாதிரி முன்னால் நிற்க, அவள் கையில் திணிக்கப்பட்ட பந்து. அப்படி வந்த பந்துகளிலும் மூன்றில் ஒன்றை உள்ளே போட்டிருக்கிறாள். மற்றவர்கள் எறிவது வழி திறந்து கிடக்கும்போது.

அவளை அழைத்துப் பேசினேன். விடுதி வாசல் பெஞ்சில், பக்கத்துக் கடைக்காரர் ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ரெஃபரி கையைத் தூக்கினா ஏன் உங்கிட்டயே குடுக்கறாங்க?"

"தெரியல சார். மொத முகாம்ல ஒரு தடவ நான் வாங்கி அடிச்சேன், உள்ள போயிட்டு. அதுலருந்து கை தூக்குனாலே எல்லாவளும் என் மூஞ்சியத்தான் பாக்காளுவ."

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பின்ன யாரு அடிப்பா? ஆளாளுக்குக் கையில வச்சிக்கிட்டு நின்னா விசில் ஊதிருவாவல்லா. அடிச்சா போனாலும் போவும்."

"பயமா இருக்காதா?"

"இருக்காம என்ன சார். கை வேர்த்துப் பந்து வழுக்கும். அவளுவளுக்கும் அப்படித்தான இருக்கும், பாவம்."

பாவமாம்.

"எங்கம்ம ஃபோன் பண்ணுனா," என்றாள். "நல்லா ஆடுதேன்னு சொல்லிட்டேன். ரெண்டு மேட்ச்சா பெஞ்சுல இருக்கேன்னு சொல்ல வாய் வரல. சார், என்னய எடுத்துருவாவளா?"

தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். இன்றைய தேதிக்கு என் பட்டியல்படி அவள் பெயர்தான். அவளை எடுப்பது ரெஜினா மேடமோ தேஷ்பாண்டேவோ இல்லை, நான்தான். இதை எழுதவே கை கூசுகிறது.

என் ஆய்வில் இருபத்து நான்கு நாடுகள். இருபத்து நான்கிலும் அதே கட்டம். ஒவ்வொரு அணியிலும் ஒரு பேச்சி இருந்திருப்பாள், அவள் ஊரில் அவளுக்கும் யாரோ சிவப்பு அடித்திருப்பார்கள். சமர்ப்பிக்க இரண்டு மாதம்கூட இல்லை. இப்போது எதற்கு இதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

மாலையில் ரெஜினா மேடத்திடம் போய்ச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு இது மனசுக்குத் தெரியும் சார்," என்றார். "ஆனா சொல்ல முடியல. தமிழ்ப் பொண்ணுக்குத் தமிழ்க் கோச் சப்போர்ட்டுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. உங்க பட்டியல்தான் காப்பாத்தும்னு நினைச்சேன். நீங்க சிவப்பு அடிச்சுக் கொண்டுவந்து நீட்டினீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அக்டோபர் 12, ஞாயிறு

கடைசிப் போட்டி, தொடரை நடத்தும் நாட்டின் அணியோடு. அரங்கம் நிறையக் கூட்டம், தாரை, தப்பட்டை. பேச்சி தொடக்கத்திலிருந்தே களத்தில்.

நம் பெண்கள் வேறு அணியாக ஆடினார்கள். பின்னால் பேச்சி இருக்கிறாள் என்ற தைரியத்தில் கிரண் நிதானமாக வழி தேடினாள். வழி கிடைத்தால் எறிந்தாள். கிடைக்காமல் கை உயர்ந்தால் பேச்சிக்கு. பேச்சி குதித்து எறிந்தாள். சிலது போனது, பலது போகவில்லை. 'அணியின் பிழை' கட்டம் வெறுமையாகவே இருந்தது.

கடைசி நிமிடம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். பந்து நம்மிடம். நடுவர் கையைத் தூக்கினார். நான் கணினியைப் பார்க்கவில்லை. ஒரு பாஸ், இரண்டு, கிரணிடம் வந்தது, பேச்சிக்குப் போனது. மூன்று பேர் சுவர். அவர்களுக்கு மேலே குதித்து எறிந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். "போ! போ!" என்று கத்தியது நான்தான் என்று பிறகு தேஷ்பாண்டே சொன்னார்.

பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. தோற்றோம்.

பதிவு செய்தேன். எறிந்தவர்: பேச்சியம்மாள். முடிவு: தவறியது.

இந்தத் தொடரில் நம் அணியின் திறன் இன்றுதான் உச்சம். பேச்சியின் திறன் இன்றுதான் அடிமட்டம். ஐந்து நாட்டு ஆட்டக்காரிகளையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் அவள்தான் கடைசி.

களத்தின் நடுவில் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளை தேர்வுக் கூட்டத்தில் இவளுக்காகப் பேச வேண்டும். கைவசம் இருப்பது கம்பத்தில் பட்ட ஒரு பந்து.

அக்டோபர் 13, திங்கள்

கூட்டம் தேஷ்பாண்டேவின் அறையில். அவர், ரெஜினா மேடம், நான். கட்டிலில் அவர் சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

தேஷ்பாண்டே ஆரம்பித்தார். பேச்சியம்மாள், கடைசி இடம், நேற்று கடைசி நிமிடத்திலும் தவறவிட்டாள், எனவே பேச்சே இல்லை, அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

ரெஜினா மேடம் என்னைப் பார்த்தார். தேஷ்பாண்டேவும் என்னைப் பார்த்தார்.

பட்டியல் தவறு என்று சொன்னேன்.

"எந்தப் பட்டியல்? நீங்கள் போட்டதா?"

"நான் போட்டதுதான்."

செவ்வாய்க்கிழமை சிவப்பு, திங்கட்கிழமை தவறா, நடுவில் என்ன நடந்தது என்று கேட்டார். பயிற்சியாளர் தமிழ், பெண் தமிழ், கணக்குப் பிள்ளையும் தமிழ், டெல்லியில் இதை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா என்றும் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் காது சூடாகிவிட்டது. வாய்ச்சண்டை எனக்குப் பழக்கமில்லை, அதிலும் இந்தியில். கணினியைத் திருப்பி வெள்ளிக்கிழமைக் காட்சியைப் போட்டேன். கிரண் பந்தோடு திரும்பி பெஞ்சைப் பார்க்கும் அந்த இடம். நிறுத்தினேன்.

"யாரைப் பார்க்கிறாள்?" என்றார்.

"பேச்சியை."

மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இந்தத் தொடரில் அவர் முதல்முறையாக ஆட்டம் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். மேசையில் அவர் ஃபோன் அதிர்ந்தது. எடுக்கவில்லை.

"அப்படியானால் உங்கள் ஆய்வு?"

"அதுவும் தப்புதான். திரும்ப எழுதணும்."

"நான்கு வருடம் என்றீர்களே."

"ஆமாம்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நாளை கேள்வி வந்தால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். இத்தோடு முடிந்தது என்று எழுந்தேன். உட்காரச் சொன்னார். பேச்சி இருந்தால் வேறொருத்தி போக வேண்டும். இடம் ஒன்றுதான். யார் என்று சொல்லுங்கள் என்றார்.

நம்பர் சொல்லுது என்று சொல்ல வாய் வரை வந்தது. ரெஜினா மேடத்தின் பக்கம் திரும்பலாம் என்றும் தோன்றியது. ஒரு பெயரைச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். ரெஜினா மேடம் கண்ணை மூடித் தலையாட்டினார். அந்தப் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. நல்ல பெண். நேற்று எனக்கு ஆப்பிள் கொடுத்தாள்.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வரியில் பதில் வந்தது: "உடம்பு சரியில்லையா?"

அக்டோபர் 14, செவ்வாய்

விமான நிலையம். டெல்லி விமானம் தாமதம்.

பேச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று ரெஜினா மேடம் சொன்னார். அவர் அந்த இன்னொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. கைகழுவப் போனபோதும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

பேச்சி காலணியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"உன்னை எடுக்கலம்மா. முகாம்ல இருக்கற. ஹாஸ்டல், காலேஜ் எல்லாம் அப்படியே."

துள்ளிக் குதிப்பாள், அழுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"முந்தாநேத்து கம்பத்துல அடிச்சேனே சார்."

"அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னியோ?"

"கை தூக்கின பிறகு வர்ற பந்தை நீ ஒருத்திதான் வாங்கறேன்னு சொன்னேன். நீ இல்லாட்டி டீமே இல்லைன்னு சொன்னேன்."

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. ஜெர்ஸிக் கையால் துடைத்தாள். நானும் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தேன். விமான நிலையத்தில் ஏசி அதிகம்.

"அப்பம் அடுத்த வருஷமும் அந்தப் பந்து எனக்குத்தான் வருமா சார்?"

"ஆமாம்மா. வேற யாரு?"

எதிரே கிரணும் மற்றவர்களும் ஒரே ஃபோனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சார். அவளுவட்ட நீங்களே சொல்லுங்க, நான் கேட்டா நல்லாருக்காது. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கை தூக்குறதுக்கு முந்தி எனக்குப் பந்து தரச் சொல்லுங்க. எனக்கும் கோல் அடிக்கத் தெரியும் சார்."